கிரைண்டர் வீதி ரெஃபரன்ஸ் எடுத்த வாரம்

அந்தத் திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூர் கிரைண்டர் வீதியின் நாற்பத்தோரு வீடுகளிலும் யாராலும் எந்த வேலையையும் தொடங்க முடியாமல் போனது. பால் பொங்கியது, காப்பி ஆகவில்லை, தோசைக் கரண்டி கைக்கு வந்தது, தோசை வரவில்லை, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் வாசலிலேயே ஒரு சாண் முன்னால் ஒரு சாண் பின்னால் என்று அசைந்துகொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், முதலிலேயே சொன்னால் கொஞ்சம் சிரிப்பீர்கள், சிரித்தவர்கள் அப்புறம் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை என்பது என் பதினேழு வருட அனுபவம்.

என் பெயர் தாரணி, வீதியில் என்னை ரேடியோ என்பார்கள். கவுன்சிலர் சரோஜினியம்மாவின் குரலில் தண்ணீர் லாரிக்காரருக்கு போன் போட்டு இரண்டு லாரியை ஒரே நேரத்தில் வீதிக்குள் வரவழைத்தது நான், கணக்கு டீச்சர் குரலில் பக்கத்து வகுப்புக்கு விடுமுறை சொன்னது நான், டவுன் பஸ் கண்டக்டர் குரலில் காலி பஸ்ஸுக்கு விசில் கொடுத்து அனுப்பியதும் நானே. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே கூலி உண்டு, டீச்சர் வெளியே நிறுத்துவார், கவுன்சிலர் புகார் கொண்டுவருவார், புகார் வந்ததும் அம்மா என் இடது காதைப் பிடித்து ஒரு திருகு திருகுவாள். இதனாலேயே என் இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், நான் அளந்து பார்த்ததில்லை.

அம்மாவின் பெயர் சாந்தாமணி. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பதினாலு வருடமாக மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறாள். அந்தப் பதினாலு வருடத்தில் கடைசி மூன்று வருடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஷெட்டில் உட்கார்ந்து தானே ஒரு சிஎன்சி ரௌட்டர் கட்டினாள். மூடிப்போன நூற்பாலையிலிருந்து வந்த தண்டவாளங்கள், உக்கடம் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய திருகுத்தண்டுகள், தபாலில் வந்த மோட்டார்கள், யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து, கத்தி சுற்றி மரத்தைச் செதுக்குகிற ஒரு மேசை ஆனது. இடவலமாக ஒன்று, முன்பின்னாக ஒன்று, மேல்கீழாக ஒன்று என்று அதற்கு மூன்று ஆக்சிஸ், மரத்தைப் பிடித்துத் திருப்புவதற்கு நாலாவதாக ஒன்று வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, ஆசை ஆசையாகவே இருந்தது. அதை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கு விலை கிடையாது, உலகத்தில் யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், உடைத்துப் பாருங்கள், திருத்துங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் அது நம் மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை, நம் மெஷின் எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம், எந்தத் திசை முன், எந்தத் திசை பின் என்பதை எல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால்தான் கேட்கும்.

அந்த ஃபைலை எழுதியது நான், அம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்தேன், நூறு மில்லிமீட்டர் நகரச் சொன்னால் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு ஏழு நகர்ந்தது, எண்ணை மாற்றினோம், வேகத்தைக் கூட்டினால் மோட்டார் அலறி நின்றது, குறைத்தோம், இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம் போனது, மைனஸ் போட்டோம். அந்த ஃபைலில் ஒரு நல்ல குணம், வரியின் தலையில் ஹேஷ் குறி போட்டுவிட்டால் அந்த வரியை மெஷின் படிக்காது, மனிதர்கள் படித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு இடம் சும்மா கிடந்தால் நான் என்ன செய்வேன். ஒவ்வொரு செட்டிங்குக்கும் மேலே ஹேஷ் போட்டு, ஒவ்வொரு குரலில் குறிப்பு எழுதினேன். ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்கிற ஸ்டெப் கணக்குக்குக் கணக்கு டீச்சர் குரலில், இருநூறை எட்டால் பெருக்கு, ஐந்தால் வகு, முந்நூற்றிருபது, கடைசி பெஞ்ச் கவனி என்றும், வேகத்துக்குக் கண்டக்டர் குரலில், உள்ளே போங்க, உள்ளே போங்க, வேகத்தை டிரைவர் பாத்துக்குவார் என்றும், எல்லைக்குக் கவுன்சிலர் குரலில், இதுக்கு அந்தப்பக்கம் நம்ம வார்டு இல்லீங்க என்றும், ஆக இருபத்தேழு குறிப்பு.

ரெஃபரன்ஸ் எடுப்பது என்று ஒன்று உண்டு. மெஷினுக்கு கரண்ட் கொடுத்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. ஒரு ஓரத்தில் இருக்கிற சின்ன சுவிட்சை நோக்கி வேகமாகப் போய்த் தொடும், தொட்டதும் கொஞ்சம் பின்வாங்கும், மறுபடி மெதுவாகப் போய்த் தொடும், அப்போதுதான் இதுதான் பூஜ்யம் என்று அதற்கு நிச்சயப்படும், அதுவரை சும்மா அரை அங்குலம், ஒரு அங்குலம் அசையலாமே தவிர ஒரு வேலையையும் தொடங்க விடாது. அந்த செட்டிங்குக்கு மேலே அம்மாவின் குரலிலேயே எழுதினேன், ரெஃபரன்ஸ் எடுக்காம இந்த வீதில ஒருத்தரும் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது, சொல்லிப்போட்டேன் என்று. இருபத்தேழாவது வரி. அதற்கு மட்டும் ஹேஷ் போட மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷினைப் போட்டோம். மூன்று ஆக்சிஸும் ஓரத்துக்குப் போய் டக், டக், டக் என்று தொட்டு நின்றன. அம்மா ஒரு மாட்டைத் தட்டுவதுபோல அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இனி இதில் ஒரு எழுத்து மாறக்கூடாது என்று ஃபைலுக்குத் தானே ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாள். பூட்டியதற்குக் காரணம் இருந்தது. வீதிக் கோடியில் ஃபவுண்டரி வைத்திருக்கிற குப்புராஜ் அண்ணன், பம்ப்புக்குள் சுற்றுகிற இம்பெல்லருக்கு மரத்தில் ஒரு பேட்டர்ன், அதாவது மண்ணில் அமுக்கி அச்சு எடுக்கிற மாதிரி வடிவம், கேட்டிருந்தார், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உலை திறந்து அந்த அச்சில் இரும்பை ஊற்றுவார்கள், அதற்குள் சரியான அளவில் வந்தால் இனி ஃபவுண்டரியின் பேட்டர்ன் வேலை முழுக்க அம்மாவுக்கு, காயில் சுற்றும் வேலையை விட்டுவிடலாம், வராவிட்டால் வழக்கமாகச் செய்கிற கடைக்கே போய்விடும். இரண்டு தேக்குப் பலகை தயாராக ஷெட்டில் சாய்த்து வைத்திருந்தது.

அடுத்த நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

காரணம் என்ன என்று வீதியில் யாரும் கேட்கவில்லை, கரண்ட் போனால் ஏன் போனது என்றா கேட்கிறோம், எப்போது வரும் என்றுதான் கேட்கிறோம். நைட்டியில் வாசலுக்கு வந்து, ஒரு சாண் முன்னால் ஒரு சாண் பின்னால் அசைந்துகொண்டிருக்கிற வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து, என்ன வியாதி என்று கண்டுபிடித்தது அம்மாதான்.

"யாரும் பயந்துக்காதீங்க. ரெஃபரன்ஸ் எடுக்காத மெஷின் இப்படித்தான் நிக்கும். அவங்கவங்க சுவிட்சு எங்கயோ இருக்குது, தேடித் தொடோணும், அவ்வளவுதான்."

எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அது தனக்குத் தெரியாது என்றாள் அம்மா. அந்த நேரத்தில், ரிட்டயர்டு லேத் ஆபரேட்டர் துரைசாமி, நின்று நின்று கால் வலித்து, பதினொரு வருடமாகத் தண்ணீர் வராத அடிபம்பின்மேல் சாய்ந்தார், அவருடைய தோள்பட்டைக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது, வீதி முழுக்கக் கேட்டது. கையை எடுத்துட்டு இன்னொருக்கா மெதுவாத் தொடுங்க என்று அம்மா கத்தினாள், தொட்டார், மறுபடி டக், கண்ணாடியை யாரோ துடைத்துக் கொடுத்த மாதிரி முகம் தெளிந்தது, நேராக வீட்டுக்குள் போய் முகச்சவரம் செய்யத் தொடங்கிவிட்டார்.

அதற்கப்புறம் வீதி தேடத் தொடங்கியது. எல்லோரும் முதலில் சாமிபடத்தைத் தொட்டார்கள், சம்பளம் வாங்குகிற கம்பெனி அடையாள அட்டையைத் தொட்டார்கள், மனைவியர் கணவரையும் கணவர்மார் மனைவியையும் தொட்டுப் பார்த்து, டக் சத்தம் வராததால் இருவரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்தது. பேக்கரி மணிவாசகத்துக்குத் தன் கடையின் மூன்றாவது பெஞ்சு, கணக்கு டீச்சருக்கு மாவு மில்லின் பெல்ட்டு, பத்து வருடமாகப் பேசாத சகோதரர்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிணற்றுச்சுவரின் ஒரே கல், யார் முதலில் தொடுவது என்பதற்காகவாவது பேச வேண்டியதாகிவிட்டது. கவுன்சிலர் சரோஜினியம்மா பதினோரு ஓட்டில் நாச்சிமுத்துவைத் தோற்கடித்தவர், அவருடைய சுவிட்சு நாச்சிமுத்து தன் வாசலில் நட்டு வைத்த வேப்பங்கன்றில் இருந்தது, முதல்நாள் அவர் முக்காடு போட்டுக்கொண்டு வந்து தொட்டார், மூன்றாம்நாள் முக்காடு இல்லாமல் வந்தார், நாலாம்நாள் நாச்சிமுத்து ஒரு டம்ளர் காப்பியோடு நின்றார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்திக்கு அது பொள்ளாச்சி பஸ்ஸின் படிக்கட்டு, புருஷன் தினமும் ஸ்கூட்டரில் உக்கடம் கூட்டிப்போய், ஏறாமல் தொட்டுவிட்டு வரச் செய்தான்.

ஃபவுண்டரியில் அச்சு மண் பிசைகிற சுதர்சன் பெஹராவுக்கு ஒடிசாவில் ஊர், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், அவருடைய சுவிட்சு ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது என்று வீதியே கவலைப்பட்டது. அவர் கவலைப்படவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அரை அங்குலம் அரை அங்குலமாக நடந்து பீளமேடு ஸ்டேஷனுக்குப் போய், ஆளில்லாத நேரம் பார்த்துக் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டார். ஒரே இரும்பு, இங்கிருந்து அங்கேவரை. டக்.

என்னுடையது கவுன்சிலர் வீட்டுக் காலிங் பெல். வேகமாக ஒரு தடவை அடித்துவிட்டு ஓட வேண்டும், திரும்பி வந்து மெதுவாக இன்னொரு தடவை அடிக்க வேண்டும், என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சட்டப்படியான காரியத்தை நான் செய்ததில்லை.

ஒரே வாரத்தில் வீதிக்கு இது பழகிப்போனது. தொடும் இடங்களுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், யாரோ அடிபம்புக்குப் பக்கத்தில் செருப்பு விட ஒரு பலகை போட்டார்கள், காலை ஆறிலிருந்து ஏழுவரை ரெஃபரன்ஸ் நேரம் என்று பேக்கரியில் எழுதி ஒட்டினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் பொண்ணு எங்கே ரெஃபரன்ஸ் எடுக்குது என்று கேட்டார்கள். ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ரெஃபரன்ஸ் எடுத்த வீதி நன்றாக இருந்தது. லேத்தில் ஒரு பீஸ்கூட வீணாகவில்லை, இட்லி ஒரே பருமனில் வந்தது, வண்டிகள் உரசிக்கொள்ளவில்லை, நாற்பது வீட்டுக்காரர்களும் காலையில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே வெளியே கிளம்பினார்கள்.

நாற்பத்தோராவது வீடு எங்களுடையது. அம்மாவுக்கு மட்டும் சுவிட்சு கிடைக்கவில்லை.

அடுப்பைத் தொட்டாள், அம்மன் படத்தைத் தொட்டாள், பம்ப்செட் கம்பெனியின் காயில் கட்டையைத் தொட்டாள், தான் கட்டிய மெஷினை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை, திருகு திருகாகத் தடவினாள். திருப்பூர் சாய ஆலையில் பாய்லர் பார்க்கிற அப்பா செய்தி கேட்டு ஓடிவந்து, எனக்குத் தெரியும் அது நான்தான் என்கிற முகத்தோடு கையை நீட்டினார், அம்மா தொட்டாள், ஒரு சத்தமும் இல்லை, அவர் இரண்டு இட்லியை மட்டும் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வீதிப் பெண்கள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்கள், பெத்த புள்ளையாத்தான் இருக்கும் என்றார்கள், அம்மா என் தலையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கை பக்கத்தில் வந்ததுமே பழக்கதோஷத்தில் நான் காதுக்குக் கை எட்டாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் வரவில்லை.

எல்லோருக்கும் வழி சொன்னவள் ஷெட் வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, விரலை அரை அங்குலம் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். கம்பெனிக்கு லீவு சொன்னோம். சமையலை நான் செய்தேன், துணியை நான் துவைத்தேன், அந்த வாரம் வீதியில் நான் ஒரு குரலும் எடுக்கவில்லை, ஒரு புகாரும் வரவில்லை, என்னைப் பார்த்த கவுன்சிலரே உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஹேஷ் குறியை ஒரு தட்டு தட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஃபைல் பூட்டியிருந்தது, பாஸ்வேர்டைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னாலும் அது அம்மாவின் விரலில்தான் இருந்தது, அந்த விரலால் ஆறு எழுத்தைச் சேர்த்து அடிப்பது ஒரு வேலை, வேலை தொடங்க அவளுக்கு அனுமதி இல்லை.

புதன்கிழமை நானே மெஷினை ஓட்டிவிடலாம் என்று துணிந்தேன். எனக்குத்தான் ரெஃபரன்ஸ் இருக்கிறதே, அம்மா செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அவள் மாதிரியே துண்டைப் போட்டுக்கொண்டு, அவள் மாதிரியே உதட்டைச் சுழித்துக்கொண்டு, அவள் குரலிலேயே ம்ம், போலாம் என்று சொல்லி பட்டனை அமுக்கினேன். கத்தி மரத்தைத் தொடுகிற உயரத்தை நான் சரியாகப் பிடிக்கவில்லை, நேராக ஒரு அங்குலம் உள்ளே இறங்கி முறிந்தது, பலகை குறுக்கே பிளந்தது. குரலை எடுக்க முடிந்தது, கையை எடுக்க முடியவில்லை. இரண்டு பலகையில் ஒன்று மிச்சம். அம்மா திட்டவில்லை, போச்சாது போ கண்ணு என்றாள், அது காதைத் திருகியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாந்தாமணிக்கு என்ன செய்வது என்று பேச வீதி பேக்கரியில் கூடியது, அம்மாவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கவுன்சிலர் எழுந்து, சாந்தாமணி எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடமே அவருடைய ரெஃபரன்ஸ் என்று இந்தக் கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது என்றார், எல்லோரும் கை தூக்கினார்கள். அம்மா சிரித்தாள்.

"அப்படியும் ஒரு செட்டிங் இருக்குதுங்க. நிக்கிற இடமே சரின்னு வெச்சுக்கறது. வெச்சுக்கலாம், ஓடும். ஆனா அப்படி வெச்ச மெஷின் ஒரு நாள் போயி ஃப்ரேம்ல இடிக்கும்."

தூக்கிய கைகள் இறங்கின. அந்த நேரம் பார்த்துக் குப்புராஜ் அண்ணன் வந்தார், கெட்டவர் இல்லை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார், டீ வேண்டாம் என்றார், உலைக்குக் கரி வந்துவிட்டது, அச்சு மண்ணை நாளைக்கு விடிகாலையில் பிடிக்க வேண்டும், இன்றைக்கு ஏழு மணிக்குள் பேட்டர்ன் வரும் என்றால் சொல்லுங்கள், வராதென்றாலும் சொல்லுங்கள், பழைய கடைக்காரர் கையில் ஒன்று வைத்திருக்கிறார் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவருக்கே குடுத்துருங்ணா," என்றாள் அம்மா.

நான் இந்த வீதியில் எல்லார் குரலையும் எடுப்பேன், கிரைண்டர் குரலையும் மோட்டார் குரலையும்கூட எடுப்பேன், ஆனால் இந்த இரண்டு வார்த்தை வந்த குரலை எனக்கு எடுக்கத் தெரியாது, அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. மூன்று வருடம் திருகு திருகாகக் கட்டியவள், வீதி முழுவதையும் அவரவர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவள், இவளா விட்டுக்கொடுக்கிறாள்.

எழுந்து நின்றேன். பயத்தில் முதலில் கவுன்சிலர் குரல்தான் வந்தது, இந்தக் கூட்டத்தின் மேலான கவனத்துக்கு ஒரு விஷயம் என்று தொடங்கினேன், நாலு பேர் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை.

"உன்ற வாயில சொல்லு."

சொன்னேன். அந்த வரியை எழுதியது நான், உன் குரலில் எழுதினேன், விளையாட்டுக்கு எழுதினேன், ஹேஷ் போட மறந்துவிட்டேன், திங்கட்கிழமை காலையிலிருந்தே தெரியும், சொல்லப் பயந்தேன், நேற்று சொல்லியிருக்கலாம், முந்தாநேற்று சொல்லியிருக்கலாம், ஒரு பலகையையும் பிளந்தேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"மத்த வரிக்கெல்லாம் ஹேஷ் போட்டிருக்கறயா?" என்று கேட்டாள் அம்மா.

"எல்லாத்துக்கும் போட்டிருக்கேன்மா."

"மொத்தம் எத்தன வரி?"

"இருபத்தேழு."

இருபத்தேழு என்று அம்மா ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருபத்தேழு புகாருக்கு உரிய கோபம் அவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் மணிக்கட்டிலிருந்து இரண்டு விரலுக்கும் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன், அந்த விரல்கள் தேடி ஓய்ந்ததிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் அசையாதவை, அன்றைக்கு முக்காலியிலிருந்து என் முகம்வரை ஒரே வீச்சில் வந்தன, அந்த ஒரு தடவை நான் தலையைச் சாய்க்கவில்லை, என் இடது காதைப் பிடித்து ஒரு திருகு திருகியது கை.

டக்.

பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, மூன்றாவது பெஞ்சில் இருந்த டம்ளர்கூட ஆடியது. அம்மா கையை எடுத்தாள், தன் விரலைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் பின்வாங்கி, வேகத்தைக் குறைத்து, மறுபடி வந்து, மிக மெதுவாக, என்னவோ அந்தக் காது கண்ணாடியால் செய்தது போல, இன்னொரு தடவை திருகினாள்.

டக்.

"மணி என்னுங்க?" என்று கேட்டாள். மூன்றேகால் என்றார் மணிவாசகம். "குப்புராஜண்ணா, ஏழு மணிக்கு ஆளனுப்புங்க," என்று சொல்லிவிட்டு, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனாள், வீதி அவள் பின்னால் போனது.

அன்றைக்கு அவள் ஓட்டிய ஓட்டத்தை ஷெட் வாசலில் நின்று பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். மிச்சமிருந்த ஒரே பலகையைப் பூட்டினாள், புதுக் கத்தி மாட்டினாள், ஒரு பீடிக்கட்டுத் தாளைக் கிழித்துக் கத்திக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு, தாள் சிக்குகிற இடத்தை உயரமாகப் பிடித்தாள், பட்டனை அமுக்கினாள். மோட்டார்கள் மூன்றும் மூன்று சுதியில் பாட, தேக்குத்தூள் மழையாகப் பெய்ய, வட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு இதழாக இம்பெல்லர் எழுந்து வந்தது. ஆறே முக்காலுக்குத் துரைசாமி தன் வெர்னியரைக் கொண்டுவந்து ஆறு இடத்தில் அளந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டார், அவர் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. சுதர்சன் பெஹரா வந்து பேட்டர்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஊற்றினார்கள், சாயங்காலம் மண்ணை உடைத்து எடுத்தபோது குப்புராஜ் அண்ணன் அடுத்த ஏழு பேட்டர்னுக்கான வரைபடத்தை அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பாஸ்வேர்டு போட்டு ஃபைலைத் திறந்தாள். வீதியே ஷெட்டுக்குள்ளும் வெளியிலுமாக நின்றது. முதல் வரியிலிருந்து இருபத்தாறு குறிப்பையும் சத்தமாகப் படித்தாள், தன் குரலைக் கேட்ட ஒவ்வொருவரும் அது தான் இல்லை என்றும் பக்கத்தில் இருப்பவர் மட்டும் அச்சு அசலாக அப்படியே என்றும் சொன்னார்கள். இருபத்தேழாவது வரிக்கு வந்ததும் கர்சர் தலையில் போய் நின்று மினுங்கியது, ஒரே ஒரு தட்டு, வீதி பழையபடி ஆகிவிடும். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், கிணற்றுக்கல் சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நாச்சிமுத்து இருமினார்.

"இருக்கட்டுமுங்க," என்றார் கவுன்சிலர், அவருடைய குரலே கொஞ்சம் தழைந்து வந்தது. "ஒண்ணும் கெட்டுப்போகலையே."

அம்மா என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் என்றால் வருடத்துக்கு முந்நூற்றறுபத்தைந்து என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன், காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், பரவாயில்லை என்று தலையாட்டினேன். அம்மா அந்த வரியை அப்படியே விட்டாள். அதற்குக் கீழே இருபத்தெட்டாவதாகத் தானே ஒரு வரி அடித்தாள், ஒற்றை விரலால், மறக்காமல் தலையில் ஹேஷ் போட்டு: ஐயோ காது வலிக்குதும்மா, இனிமே செய்ய மாட்டேன். என் குரல். இழுத்த இழுவையும், செய்ய மாட்டேனில் இருக்கிற பொய்யும்கூட அப்படியே வந்திருந்தது; இந்த வீதியில் குரல் எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து விடிந்ததும் நான் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் இடது பக்க முடியை ஒதுக்கி வைத்துவிடுகிறேன், வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, அம்மா மெஷின் பக்கம் போய்விடுகிறாள், நான் காலிங் பெல் அடிக்கப் போய்விடுகிறேன். ஜூன் மாதம் எனக்குத் திருச்சியில் காலேஜ், ஹாஸ்டல், அப்புறம் என்ன செய்வாய் என்று நேற்றுக் கேட்டேன். உள்ளே போய் வெர்னியரை எடுத்துவந்தாள், என் இடது காதின் நீளத்தை, அகலத்தை, மடலின் வளைவை எல்லாம் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டாள், வலது காதையும் அளந்து பார்த்துவிட்டு ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாள். மிச்சத் தேக்கில் ஒரு காது வெட்டப் போகிறாளாம்.

மூணு ஆக்சிஸில காது வந்துடுமா என்று கேட்டேன்.

"வெட்டறதுக்கு மூணு போதும் சாமி," என்றாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே. "திருகறதுக்குத்தான் நாலாவது வேணும்."